ரோஸ்மேரி பேசிய பதிவு

நெருப்பெரிச்சல்
7.7.2024

அன்புள்ள பிரியங்கா அக்காவுக்கு,

அனுசுயா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். சென்னைத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? பெரியம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன ஞாயிறு நீங்கள் போனில் கேட்டதற்கு நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். கோபம் எல்லாம் இல்லை அக்கா. போனில் எனக்குப் பேச்சு வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எப்படி நிற்பேனோ அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் தருவார்கள். வார்டன் சுப்பாத்தாள் அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொள்வார். "பேசு கண்ணு, நான் செவுடின்னு நெனச்சுக்க" என்பார். பேசியது எல்லாம் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்விடும்.

எழுதுவது என்றால் எனக்கு வரும். அதனால் எழுதுகிறேன்.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் உங்கள் ஆராய்ச்சிக்குப் பேச வேண்டும் என்றீர்கள். நான்கு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள், வேண்டாம் என்று. ஒருத்தி மட்டும் வருகிறேன் என்றாள். அவள் பெயர் ரோஸ்மேரி. பத்தொன்பது வயது. என்னோடு செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் பீஸில் ஓட்டை, அழுக்கு, விட்டுப்போன தையல் பார்ப்பதுதான் எங்கள் வேலை. நான் வாய் திறக்க மாட்டேன், அவள் வாய் மூட மாட்டாள். அதனாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது.

அவளும் அவள் அம்மா மரியபுஷ்பமும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அனுப்பர்பாளையத்தில் ஒரே அறை உள்ள வீட்டில் இருக்கிறார்கள். அம்மா பாத்திரப் பட்டறையில் பாலீஷ் போடுகிறார். அப்பா இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கேதான் சாப்பிடுவேன். ஹாஸ்டலுக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள். ஆகவே அந்த வீட்டு முகவரிக்கே எழுதுங்கள், பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
அனுசுயா

*

சென்னை
19.7.2024

அன்புத் தங்கை அனுவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததே சந்தோஷம். நான் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

நீ கடிதம் எழுதுவது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. ஆய்வைப் பற்றிய எதையும் வாட்ஸ்அப்பிலோ போனிலோ பேசக் கூடாது என்று நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் தோழியிடம் இதைச் சொல்: அவள் பெயர் எங்கேயும் வராது, ஊர் வராது, கம்பெனி வராது. அவள் குரலைப் பதிவு செய்வேன். அந்தப் பதிவு பல்கலைக்கழகத்தின் கணினியில் பூட்டி வைக்கப்படும். திறக்க இரண்டு பாஸ்வேர்டு வேண்டும். ஒன்று என்னிடம், இன்னொன்று என் ஆய்வை மேற்பார்க்கும் கைடிடம். ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்க முடியாது. சம்மதப் படிவம் ஒன்றில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் பயப்பட ஒன்றுமே இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு வருகிறேன்.

அன்புடன் அக்கா,
பிரியங்கா

*

நெருப்பெரிச்சல்
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? இங்கே நாங்கள் மூவரும் நலம்.

அன்றைக்கு நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அறையில் ரோஸ்மேரியை உட்கார வைத்து, என்னை வெளியே இருக்கச் சொன்னீர்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "என்ன அனு, இந்தப் பெண் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறாளே" என்றீர்கள்.

அது உண்மையாகவே மனப்பாடம்தான் அக்கா. துணி வாங்கும் வெளிநாட்டு பையர், கம்பெனியைச் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு வருவதற்கு முன்னால் எங்களுக்கு வகுப்பு நடக்கும். ஹெச்.ஆர். கிருத்திகா மேடம் எடுப்பார். "ஆராச்சும் மெதுவாப் பேசி, புகார் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டா என்ன சொல்லோணும் கண்ணு?" என்று கேட்பார். "புகார் ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்று எல்லோரும் சொல்ல வேண்டும். "வெளியில ஆருகிட்டயாச்சும் ஏதாச்சும் சொல்லோணுமா?" என்றால் "வேண்டாங்க மேடம், கேட்டதுக்கு நன்றிங்க." வேலை முடிந்து வீட்டில் இருக்கும்போது ஆடிட்டிலிருந்து போனில் கேட்டாலும் இதே பதில்தான். அப்படியும் சில பேருக்குப் போன் வந்திருக்கிறது. சரியாகச் சொல்பவளுக்கு மேடம் சாக்லேட் தருவார். ரோஸ்மேரிதான் எப்போதும் வாங்குவாள். எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

நீங்கள் மறுபடி உள்ளே போனதும், "அக்கா, நீங்க ஆடிட்டா?" என்று அவள் கேட்டதும், இல்லை என்று நீங்கள் சொன்னதும் வெளியே கேட்டது. அதற்கப்புறம் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

வீட்டுக்கு வரும்போது அவள் என்னிடம் சொன்னாள். சூப்பர்வைசர் வேல்குமார் அண்ணன் அவளைக் கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டு காலண்டர் மிஷினில் துணி விடச் சொல்வதை எல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டாளாம். சூடான இரண்டு உருளைக்கு நடுவே துணியை விட்டுச் சுருக்கம் எடுக்கிற மிஷின் அது. பழகாதவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. ஆபரேட்டர் வராத நாளில் இவளைத்தான் நிறுத்துகிறார். எனக்குத் தெரியாதுண்ணே என்றால், "தெரியாதுன்னா ஊட்டுக்குப் போயி உக்காந்துக்க" என்கிறாராம்.

"இன்னும் என்னெல்லாமோ சொன்னேன், எனக்கே மறந்து போச்சு. வாயத் தொறந்தா எனக்கு நிக்கவா செய்யும்?" என்று சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்.

நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள்,
அனுசுயா

*

அனுப்பர்பாளையம்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு நீங்கள் எழுதுவீர்கள் என்று பார்த்திருந்தேன்.

ரோஸ்மேரிக்குக் கை போய்விட்டது.

தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் பாதிப்பேர் இன்னும் திரும்பி வரவில்லை. காலண்டர் ஆபரேட்டரும் வரவில்லை. ஷிப்மென்ட் நிற்கிறது என்று வேல்குமார் அண்ணன் அவளைக் கீழே கூட்டிப்போனார். நான் மேல்மாடியில் இருந்தேன். மிஷின் சத்தம் நின்றது தெரிந்தது. அவள் கத்தவே இல்லை என்கிறார்கள். துணியோடு சேர்ந்து கை உள்ளே போயிருக்கிறது. வலது கையில் கட்டை விரல் மட்டும் இருக்கிறது. உள்ளங்கைத் தோலும் வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் வேல்குமார் அண்ணன் எல்லோரிடமும் சொல்கிறார்: "நான் ஒண்ணுஞ் சொல்லலைங்க. செக்கிங் புள்ளைக்குக் கீழ என்னங்க வேலை? வெளையாட்டுக்குக் கைய உட்டுருச்சுங்க." கீழ்த்தளத்தில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை.

டிசம்பரில் கம்பெனி விசாரணை வைக்கிறது. விளையாட்டுக்குக் கை விட்டாள் என்று எழுதிவிட்டால் அவளுக்கு இனி வேலையும் கிடையாது, வேறு ஒன்றும் கிடையாது, அந்தப் பெயரும் போகாது.

ஆனால் உங்களிடம் அவள் முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருக்கிறாளே அக்கா. தேதியோடு பதிவாகி இருக்கிறதே. அது ஒன்று போதும். அதை அனுப்புங்கள்.

இதை அவள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். அவள் அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அனுசுயா

*

அனுப்பர்பாளையம்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதில் வராததால் கேட்கிறேன்.

தபாலில் தவறியிருக்கலாம் என்று மறுபடி எழுதுகிறேன். ரோஸ்மேரிக்குக் கம்பெனியில் விபத்து. வலது கை. உங்களிடம் இருக்கும் பதிவு வேண்டும். டிசம்பர் இருபதாம் தேதி விசாரணை.

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா ஊட்டிவிடுகிறார். பேச்சு குறைந்துவிட்டது. நேற்று நான் பேசினேன், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி இதுவரை நடந்ததில்லை.

அனுசுயா

*

சென்னை
2.12.2024

அன்பு அனுவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எனக்குச் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. மனம்தான் சரியில்லை. ரோஸ்மேரியை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் நடந்துகொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை, தப்பாக நினைக்காதே.

அந்தப் பதிவு என்னுடையது என்று நீ நினைக்கிறாய். அது பல்கலைக்கழகத்துடையது. நான் என் இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுத்தால் மற்ற இருபத்தாறு பெண்களும் என்னை எப்படி நம்புவார்கள்? என் பட்டமும் போய்விடும். அதற்காகச் சொல்லவில்லை, முறை என்று ஒன்று இருக்கிறது.

ரோஸ்மேரி தன் பதிவைத் தானே கேட்கலாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். அவள் கையெழுத்துப் போட வேண்டும். சம்மதப் படிவத்தில் போட்ட அதே கையெழுத்தாக இருக்க வேண்டும். ஆய்வுகள் முறையாக நடக்கின்றனவா என்று பார்க்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அதைப் பார்த்து அனுமதி கொடுத்தால் கைடு தன் பாஸ்வேர்டைப் போடுவார்.

சீக்கிரம் அனுப்பு. அவள் அம்மாவுக்கு என் ஆறுதலைச் சொல்.

அன்புடன்,
பிரியங்கா

*

அனுப்பர்பாளையம்
8.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும்தான் எங்களுக்கு உயிர் வந்தது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மரியபுஷ்பம் அம்மா சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து இடது கையில் போட்டது. அதே கையெழுத்து வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததை அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இதுலயே கட்டிவிடுட்டி பேனாவ" என்றாள். பிறகு அம்மா தாளைப் பிடித்துக்கொள்ள, இடது கையால் போட்டாள். எழுத்து எழுத்தாக இறங்கிப் போய்விட்டது. "ஒண்ணாம் வகுப்பு சிலேட்டுல இதவிட நல்லா எழுதுவேன் பிள்ள" என்றாள்.

முன்னால் எப்படிப் போடுவாள் தெரியுமா? சம்பள அக்கவுண்ட் தொடங்கும்போது பாங்கில் போடுவதற்காக ஒரு வாரம் பழகினாள். கடைசி எழுத்தின் வாலைச் சுழற்றி பெயருக்கு அடியில் கோடாக இழுப்பாள். செக்கிங் டேபிளில் சாக்பீஸால் போட்டுப் போட்டு அழிப்பாள்.

குழுவில் இருப்பவர்களிடம் கை இல்லாததைச் சொல்லுங்கள் அக்கா. புரிந்துகொள்வார்கள்.

அனுசுயா

*

சென்னை
14.12.2024

அன்பு அனுவுக்கு,

நலம்தானே? இங்கே மழை. எனக்கு லேசாகச் சளி, வேறொன்றும் இல்லை.

படிவத்தைக் குழுவில் வைத்தார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. நான் விபத்தைச் சொன்னேன். அவர்கள் அனுதாபத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் யாரோ ஒருவர் இவளை வற்புறுத்திப் போட வைத்திருக்கலாம் அல்லவா, அதைப் பார்ப்பது எங்கள் கடமை என்றார்கள். அதனால் குழுவிலிருந்து ஒரு அம்மையார் ரோஸ்மேரியைப் போனில் அழைத்து நேரடியாக இரண்டொரு கேள்வி கேட்பார். எனக்கே அந்த அம்மையார் யாரென்று சொல்ல மாட்டார்கள். ஆமாம், பதிவு வேண்டும் என்று அவள் சொன்னால் போதும், மறுநாளே கிடைத்துவிடும்.

அவளைத் தயாராக இருக்கச் சொல். போனில் நான் இதைச் சொல்லக் கூடாது, ஆகவேதான் கடிதம்.

அன்புடன்,
பிரியங்கா

*

அனுப்பர்பாளையம்
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி நின்றதா?

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போன் அதற்கு முன்பே வந்துவிட்டது.

ரோஸ்மேரி வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். தெரியாத நம்பர். ஒரு அம்மா மெதுவாக, ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். எங்கிருந்து பேசுகிறார் என்று இங்கிலீஷில் என்னவோ சொன்னது இவளுக்குப் புரியவில்லை. இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றாராம். உங்கள் வேலையிடத்தின் மீது உங்களுக்குப் புகார் ஏதும் உண்டா, அதற்காகத்தான் பதிவைக் கேட்கிறீர்களா என்று கேட்டாராம். இவள், "புகார் ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்றிருக்கிறாள். அப்படியானால் அந்தப் பதிவை யாரிடமாவது கொடுக்க விரும்புகிறீர்களா என்றதற்கு, "வேண்டாங்க மேடம், கேட்டதுக்கு நன்றிங்க" என்றிருக்கிறாள்.

போன் வந்த புதன்கிழமை மாலையே கம்பெனி வாசலில் எனக்காக அவள் நின்றுகொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெளியே வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஏட்டி, ஆடிட்டு போன் வந்துச்சு. பதிவு அது இதுன்னு புதுசா என்னவோ கேட்டாங்க. ஒரு வார்த்த பிசகாம சொல்லிட்டேன். கிருத்திகா மேடம் காதுக்குப் போகும்லா? வெள்ளிக்கிழம விசாரணைல பாத்துச் செய்வாங்க" என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. நல்லது என்றேன்.

மறுநாள் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்தது. வேல்குமார் அண்ணன் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். இவள் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். சாட்சி உண்டா என்றார்கள். என் தோழியின் அக்காவிடம் என் குரல் இருக்கிறது என்றாள் ரோஸ்மேரி. "அதக் கொண்டாந்திருக்கலாமல்ல கண்ணு?" என்றார் கிருத்திகா மேடம். நல்ல விதமாகத்தான் கேட்டார். விளையாட்டாகக் கை விட்டதால் நேர்ந்தது என்று முடித்துவிட்டார்கள்.

பட்டறையில் மரியபுஷ்பம் அம்மாவிடம் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். இப்போது அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "உண்மையச் சொல்லுட்டி, வெளையாண்டியா?" என்று கேட்டிருக்கிறார். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஊட்டவே விடவில்லை.

அந்த அம்மையாரை இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள் அக்கா. இப்போது அவள் சரியாகச் சொல்வாள்.

அனுசுயா

*

சென்னை
20.2.2025

அன்பு அனுவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நான் மிகவும் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

உன் கடிதத்துக்கு உடனே எழுதாதது என் தப்புதான். மறுபடி அழைக்க முடியுமா என்று கேட்டேன். ஒருமுறை வேண்டாம் என்றவரைத் திரும்பத் திரும்பக் கேட்பது வற்புறுத்தல் ஆகிவிடும் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தப் போன் உரையாடலும் இப்போது பதிவோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

சென்ற வாரம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். பதிவுகளை நான் பாதுகாத்த விதத்தை மற்ற மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கைடு எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஒன்று செய்யலாம். ஒருவர் தன் குரலைத் தான் கேட்பதற்குத் தடை இல்லையாம். நகல் தர மாட்டார்கள். நான் லேப்டாப்பில் கொண்டுவந்து ஒருமுறை போட்டுக் காட்டலாம். அவள் அம்மாவின் சந்தேகத்தைப் பற்றி நீ எழுதியது மனதை உறுத்துகிறது.

ஆனால் அனு, அந்தப் பதிவில் கம்பெனியைப் பற்றி மட்டும் இல்லை. ரோஸ்மேரி மட்டும் கேட்டால் போதும். இதற்கு மேல் நான் எழுதக் கூடாது.

மார்ச் ஒன்பதாம் தேதி வருகிறேன்.

அன்புடன்,
பிரியங்கா

*

அனுப்பர்பாளையம்
16.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பெரியம்மா நடக்கத் தொடங்கிவிட்டார்களா?

டிசம்பரில் முடியாதது மார்ச்சில் எப்படி முடிந்தது என்று உங்களைப் பார்த்ததும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ரோஸ்மேரி மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே அறை. மகள் சொல்வது நிஜமா என்று தெரிந்துகொள்ள மரியபுஷ்பம் அம்மா சர்ச்சுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். அவரை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை.

தன் குரல் வந்ததும் ரோஸ்மேரிக்கு முதலில் சிரிப்பு. "என்னட்டி, ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு" என்றாள். வேல்குமார் அண்ணன் சொன்னது எல்லாம் வந்தது. அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். "பாவி, பாவி" என்றார். அதோடு நீங்கள் நிறுத்தப் போனீர்கள். ஓடட்டும் என்றது அம்மாதான்.

அதற்குப் பிறகு வந்ததை நீங்கள் பல தடவை கேட்டிருப்பீர்கள். நான் ஒரு தடவைதான் கேட்டேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"எங்கம்மாட்ட அழுதுட்டே சொன்னேன்க்கா, அந்த மிஷினப் பாத்தா பயமா இருக்கு, இனிமே போகலன்னு. அவ என் சோத்துப் பையத் தூக்கி வெளிய வச்சுட்டு, என்னையும் தள்ளிட்டு, கதவச் சாத்திட்டா. வேல்குமார் அண்ணன்கூட ரொம்ப அழுதா விட்டுருவாரு. எங்கம்மா விடமாட்டா."

முதுகில் இருந்த கை அங்கேயே நின்றது. பிறகு அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நீங்கள் லேப்டாப்பை மூடி, பையில் வைத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றீர்கள். காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று அம்மா சொன்னது உங்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது.

நீங்கள் போன பிறகு ரோஸ்மேரி, "நான் அப்படியா சொன்னேன்? எனக்கு நெனவே இல்லம்மா. வாயில வந்தத எல்லாம் பேசிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா உலை வைத்தார். சாப்பிடும் நேரத்தில் தட்டை மகள் முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஊட்டவில்லை. ஊட்டும்மா என்று இவளும் கேட்கவில்லை. இடது கையால் அள்ளினாள். பாதிச் சோறு பாயில் விழுந்தது. அம்மா அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இன்று வரை அப்படித்தான் நடக்கிறது.

இன்று நான் வந்ததும் அம்மா என்னை வெளியே கூப்பிட்டார். உங்களுக்கு எழுதச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒங்க அக்காட்ட அத அழிச்சிரச் சொல்லு பிள்ள. அவ சொன்னது பொய்யில்ல. நான் கதவச் சாத்தினேன். ஆனா நான் செத்த பொறவும் அது அதையே சொல்லிக்கிட்டுல்லா கெடக்கும்."

ரோஸ்மேரியும் அழிக்கத்தான் சொல்கிறாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்வது இந்த வாரத்தில் இது ஒன்றுதான். நகலைக் கேட்டபோது முறை இருந்தது. அழிப்பது சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காலண்டருக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. இந்த வாரம் என்னைக் கீழே வரச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அனுசுயா

*

சென்னை
4.4.2025

அன்பு அனுவுக்கு,

உன் கடிதம் கண்டேன். நாங்கள் எல்லோரும் நலம். அம்மா கம்பு இல்லாமல் நடக்கிறார். வெயில் காலம், நிறையத் தண்ணீர் குடி.

அன்றைக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அந்த வீட்டில் இருந்தவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பதிவை அழிப்பது பற்றிக் கேட்டுப் பார்த்தேன். பேசியவர் தன் பதிவைத் திரும்பப் பெறலாம், ஆனால் ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாள் வரைதான். அந்தத் தேதி தாண்டிவிட்டது. இனி எல்லாப் பதிவுகளையும் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். நானே நினைத்தாலும் தொட முடியாது. சம்மதப் படிவத்தில் இதெல்லாம் எழுதியிருக்கிறது. ரோஸ்மேரி படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

வருகிற ஜூனில் உனக்குப் பதினெட்டு முடிகிறது என்று அம்மா சொன்னார். அடுத்த ஆய்வுக்கு உன்னையே பேட்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன். நீ எழுதுவது போலப் பேசினால் போதும்.

மரியபுஷ்பம் அம்மாவை மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சொல். வெளியார் யாரும் அதைக் கேட்க முடியாது. வெவ்வேறு ஊர்களில் மூன்று நகல் வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் தீப்பிடித்தாலும், இன்னொரு இடத்தில் வெள்ளம் புகுந்தாலும், மூன்றாவது இருக்கும். அவர் மகளின் குரலுக்கு ஒன்றும் ஆகாது.

அன்புடன் அக்கா,
பிரியங்கா